விறகின் எடையும் விறகின் வெப்பமும்

நம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுள் ஒரு சாரார் விறகு விற்பவர்கள். மற்றொரு சாரார் விறகு வாங்குபவர்கள். சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் விவசாயி முதல் வகையினர். பட்டுக்கும் பருத்தி நூலுக்கும் சாயம் ஏற்றும் நெசவாளர் இரண்டாம் வகையினர். இருவரும் இப்பத்திரிகையைப் படிக்கின்றனர். இருவருக்கும் கடன் தருவது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியே. ஆயினும் விறகு விஷயத்தில் இவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அரிது. இருவருக்கும் நடுவே ஒரு தராசு நிற்கிறது. அத்தராசு எதை நிறுக்கிறது என்பதே இம்மாதப் பாடம்.

மரம், சருகு, பயிர்க்கழிவு முதலியவற்றிலிருந்து பெறும் சக்தியைப் 'பயோமாஸ்' எரிசக்தி என்று இப்போது அழைக்கிறார்கள். பெயர் புதிது, அடுப்பு பழையது. ஆனால் வாங்குவோர் கூட்டம் மாறிவிட்டது. மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்கை, நிலக்கரி அனல் மின் நிலையங்கள் தம் எரிபொருளுடன் 5 சதவீத அளவுக்கு வேளாண் கழிவு உருண்டைகளைக் கலக்க வேண்டும் என்று விதித்தது. காகித ஆலைகள் சவுக்கை ஏற்கெனவே கூழுக்காக வாங்குகின்றன. செங்கல் சூளையும் கொதிகலனும் தம் பங்குக்குக் கேட்கின்றன. இவ்வளவு பேர் போட்டியிடும் சந்தையில், நம் சாயப் பட்டறை கடைசியில் நின்று மிச்சத்தை வாங்கும் நிலைக்கு வரக்கூடும். ஆகவே இக்கணக்கை நாம் இப்போதே கற்றுக்கொள்வது நலம்.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குவோம். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பறக்கும் ரயிலில் செல்வோர், தம் காலடியில் ஓடும் கறுத்த நீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கு வடக்கே சிறிய அளவில் தொடங்கப்பட்டுப் படிப்படியாக நீட்டப்பட்டது. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றோடும் இணைக்கப்பட்டு, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. ஆந்திரக் கரையோரத்திலிருந்து மரக்காணம் வரை நீண்ட இக்கால்வாயில் உப்பும் நெல்லும் வந்ததைப் போலவே, படகு படகாக விறகும் வந்தது. இன்று விண்வெளி ராக்கெட்டுகள் புறப்படும் ஸ்ரீஹரிக்கோட்டா, 1969-இல் விண்வெளித் துறைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் வரை, சென்னை நகரத்து அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய காடாக இருந்தது என்பதைப் பலர் அறியார். தெற்கே கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்கும் இவ்வாறே நகருக்குள் வந்தது. வந்த கட்டைகள் தெருவுக்குத் தெரு இருந்த விறகுத் தொட்டிகளில் பிளக்கப்பட்டு, எடை போட்டு விற்கப்பட்டன. மழைக்காலத்தில் தொட்டி விறகு எரியாமல் புகைந்த வயிற்றெரிச்சலை மயிலாப்பூர்ப் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1965-66 ஆண்டுகளிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. மண்ணெண்ணெயும் சிலிண்டரும் தொட்டிகளை மூடின. 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2004-இல் திருவான்மியூர் வரையிலும் நீண்ட பறக்கும் ரயிலின் தூண்கள் படகு சென்ற வழியிலேயே ஊன்றப்பட்டன.

சவுக்கு நம் கரையில் இவ்வளவு பரவியதற்கும் எரிபொருள் பஞ்சமே காரணம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. அக்காலத்து எஞ்சின்கள் விறகு தின்றன. அதே 1856-இல் சென்னை இராஜதானிக்கு வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட டாக்டர் கிளெக்ஹார்ன், ரயிலுக்காகக் காடுகள் அழிவதைக் கண்டு கவலைப்பட்டவர். காட்டை வெட்டுவதற்குப் பதிலாக எரிபொருளைப் பயிராகவே வைத்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. வெறும் கடல் மணலில் வேர்விட்டு, வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் சவுக்கு, அவ்வெண்ணத்திற்குப் பொருத்தமான மரமாக அமைந்தது. அரசாங்கம் வைத்த தோப்புகளைப் பார்த்துத் தனியாரும் வைத்தார்கள். விறகை நெல்லைப் போல விதைத்து அறுக்கலாம் என்று இப்பகுதி விவசாயிகள் அன்றே அறிந்தவர்கள்.

இனி பாடத்திற்கு வருவோம். அங்கத்தினர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

புதிதாக வெட்டிய மரத்தில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். இது சவுக்குக்கு மட்டுமன்று, பெரும்பாலான மரங்களுக்குப் பொருந்தும். ஈரமே இல்லாத மரம் ஒரு கிலோ எரிந்தால் நமக்குப் பயன்படும் வெப்பம் சுமார் 4,300 கிலோ கலோரி என்று கொள்வோம். ஈர விறகில் அரைக் கிலோதான் மரம், ஆகவே 2,150. அதிலும் முழுமையும் நமக்குக் கிட்டாது. உள்ளிருக்கும் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றச் சுமார் 300 கிலோ கலோரி செலவாகிறது. மிஞ்சுவது 1,850. அதே மரத்தைப் பிளந்து அடுக்கி, ஈரம் 20 சதவீதமாகும் வரை உலர்த்தினால், கிலோவுக்கு 3,320 கிடைக்கும். தராசு இரண்டையும் ஒரு கிலோ என்றே சொல்கிறது.

விற்பவர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். ஒரு டன் பச்சை விறகை உலர்த்தினால் அது 625 கிலோ ஆகிவிடும். 375 கிலோ தண்ணீர் காற்றோடு போயிற்று. அந்த 625 கிலோவில் உள்ள மொத்த வெப்பமோ, பச்சையாக இருந்த ஒரு டன்னின் வெப்பத்தைவிட 12 சதவீதம் அதிகம். அதாவது, விவசாயி வெயிலின் உதவியால் பொருளை மேம்படுத்தியிருக்கிறார். ஆனால் எடைக்கு விலை தரும் சந்தையில் அவர் பெறும் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. உழைத்தவருக்கு அபராதம்! இந்நிலையில் எந்த விவசாயி விறகை உலர்த்துவார்? வெட்டிய அன்றே லாரி ஏற்றுவதே அவருக்கு இலாபம். லாரி தண்ணீர் சுமக்கிறது. வாங்குபவர் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறார். அடுப்பு தண்ணீரைக் காய்ச்சி வானுக்கு அனுப்புகிறது. நாம் பார்வையிடும் சங்கங்களின் பேரேட்டில் விறகுச் செலவு என்ற தலைப்பின் கீழ் எடை உண்டு, தொகை உண்டு, நாள் உண்டு. ஈரம் என்று ஒரு கட்டம் இல்லை.

அடுத்து அடுப்பைக் கவனிப்போம். தியாகராய நகர்க் கடைகளில் மின்விளக்கின் கீழ் விரித்துக் காட்டப்படும் காஞ்சிபுரப் பட்டின் அரக்கும் மயில் கழுத்தும் எங்கோ ஒரு கொப்பரையில் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான நீரில் ஏறிய நிறங்கள். பட்டு நூலின் பசை நீக்குவதற்கும் அவ்வளவு வெப்பமே வேண்டும். 100 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்த 6,500 கிலோ கலோரி தேவை. மண்ணைக் குவித்துக் கட்டிய திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்திற்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த விறகானால் ஒரு கொப்பரைக்கு 20 கிலோ; பச்சை விறகானால் 35 கிலோ. கொப்பரையைச் சுற்றித் தீ தழுவுமாறு சுவர் எழுப்பி, அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து, புகைபோக்கி அமைத்து, நாலில் ஒரு பங்கு வெப்பத்தையாவது பிடித்தால் 8 கிலோ உலர்ந்த விறகு போதும். முப்பத்தைந்துக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் வட்டியில்லாக் கடனைவிடப் பெரிய உதவி அன்றோ? பட்டறையில் நிற்பவர் கண்ணும் நெஞ்சும் படும் பாட்டை இக்கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

இங்கே தரமணியைச் சேர்ந்த ஓர் அறிஞரை நினைவுகூர வேண்டும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த சி. வி. சேஷாத்ரி (1930-1995), அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் 1977-இல் தொடங்கிய முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்தியவர். புகை குறைந்த அடுப்பு, சாண எரிவாயு, சுருள்பாசி வளர்ப்பு, மீனவர் படகு என எளியவர் கைக்கு எட்டும் காரியங்களில் அம்மையம் ஈடுபட்டது. சக்தியை அளக்கும் நூல் விதிகள் மிக உயர்ந்த வெப்பத்தையே உயர்ந்த சக்தியாக மதிக்கின்றன. வெப்பநாட்டு ஏழையின் தேவைகளோ பெரும்பாலும் குறைந்த வெப்பத்தில் முடிபவை. ஆகவே அளவுகோலிலேயே ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது என்பது அவர் வற்புறுத்திய கருத்து. இதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. நமக்கு வேண்டியது அதிலுள்ள நடைமுறைச் செய்தி. 95 டிகிரி வெந்நீருக்கு மின் உற்பத்தி நிலையத்தின் வழியாகச் சுற்றிவரத் தேவையில்லை; விறகை நேராக அடுப்பில் எரிப்பதே அதற்கு நேர்மையான வழி. மின்சாரம் ஆக்கும்போது விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தைக் கொண்டு மீண்டும் நீர் காய்ச்சுவது, நெல்லை அரிசியாக்கி, அரிசியைக் கோழிக்கு இடுவதைப் போன்றது.

எல்லா ஈரப் பொருளும் தீக்கு ஆகாதவை என்று எண்ணிவிடலாகாது. கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கை பாதி ஈரத்துடனேயே எரிக்கப்படுகிறது. சக்கை ஆலைக்குள்ளேயே விழுகிறது, லாரி வாடகை இல்லை. கொதிகலனும் அதற்கென்றே கட்டப்பட்டது. அந்த வசதி இல்லாத இடத்தில் சக்கையைப் பார்த்து விறகில் துணிவது தவறு. மிக ஈரமான பொருளுக்கு வேறு வழி இருக்கிறது. கோயம்பேட்டுச் சந்தையின் காய்கறிக் கழிவுக்காக, நாளொன்றுக்கு 30 டன் அளவில், 2005-ஆம் ஆண்டை ஒட்டி எரிவாயு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கோஸ் இலையையும் வாழைத் தண்டையும் எரிப்பது இயலாத காரியம். காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டால் அவை எரிவாயு தரும். உலர்ந்தது தீக்கு, ஈரமானது தொட்டிக்கு என்ற எளிய பாகுபாட்டை நம் சங்கங்கள் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இப்போது பெரிய கணக்கு ஒன்று. 10 மெகாவாட் பயோமாஸ் மின் நிலையம் ஒன்று நம் தாலுகாவில் வருவதாக வைத்துக்கொள்வோம். தன் திறனில் 70 சதவீதம் ஓடினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி 13 லட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்கு 1.2 கிலோ உலர்ந்த விறகு வீதம், 73,500 டன் தேவை. நீர் வசதியுள்ள நிலத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏக்கருக்கு 40 டன் சவுக்கு வெட்டலாம் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏக்கருக்கு 10 டன். ஆகவே 7,350 ஏக்கர் போதும் என்று திட்ட அறிக்கை எழுதுபவர் முடித்துவிடக்கூடும். ஆனால் அந்த 40 டன் பச்சை எடை. உலர்ந்தால் அது 25 டன், ஆண்டுக்கு 6.25 டன். உண்மையில் வேண்டிய நிலம் சுமார் 11,760 ஏக்கர். இடையிலுள்ள 4,400 ஏக்கர் தண்ணீரில் கரைந்துபோன ஏக்கர்கள். நிலையம் ஓடத் தொடங்கிய பின் இந்தப் பள்ளத்தை நிரப்புவது யார்? அக்கம்பக்கத்துப் புறம்போக்கு மரங்கள், ஏரிக்கரை மரங்கள், கடலோரக் காப்புத் தோப்புகள், கடைசியில் நம் சாயப் பட்டறைக்கு வரவேண்டிய விறகு. தமிழ்நாட்டில் சில பயோமாஸ் மின் நிலையங்கள் எரிபொருள் விலை ஏறியதால் ஓட முடியாமல் நின்றதை அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்.

சிறிய அளவில் செய்தவர்களுக்கும் இப்பாடம் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் இறைப்பதற்கு 2003-ஆம் ஆண்டையொட்டி 9 கிலோவாட் விறகு வாயு இயந்திரம் ஒன்றை அமைத்தது. பக்கத்து மர அறுவை ஆலைகளின் கழிவே அதற்குத் தீனி. மின் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் அதே ஊராட்சி, வங்கிக் கடன் பெற்று 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஒன்றையே நம்பி இராமல் இரண்டு வழி வைத்துக்கொண்ட அவர்கள் முன்யோசனை பாராட்டத்தக்கது. விறகு வாயு இயந்திரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் வாயு கெட்டுத் தார் படியும். அதை மன்னிக்காத இயந்திரம் அது. அடுப்பு மன்னிக்கிறது, அதனால்தான் அடுப்பில் நாம் இழப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

விறகு எரிந்தால் வெளியேறும் கரி வாயுவை அடுத்த மரம் வளர்ந்து மீட்டுக்கொள்ளும் என்பார்கள். அடுத்த மரம் இருந்தால் உண்மை. சீமைக் கருவேலம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்க்கும். சவுக்கு அப்படியன்று, வெட்டினால் பெரும்பாலும் மறுபடி நாற்று நட வேண்டும். நாற்றுக்கும் நீருக்கும் கையில் பணம் இல்லாத விவசாயி நிலத்தை விற்றுவிட்டால் அந்தக் கரி வாயு வானிலேயே நிற்கும். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சவுக்குத் தோப்பாக இருந்து மனைப்பிரிவாக மாறிய நிலங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோப்பின் சருகு, வேர்க்கட்டை அனைத்தையும் வழித்து விற்பதும் நல்லதன்று. மணலுக்கு இருக்கும் சத்தெல்லாம் அந்தச் சருகில்தான். அடுப்புச் சாம்பலையாவது வண்டியில் திருப்பி அனுப்பினால் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் நிலம் சேரும்.

ஆகவே நம் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? விறகை உலர் எடைக்கு வாங்கும் வழக்கத்தை நிர்வாகக் குழுவில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கணக்கு கடினமன்று. 20 சதவீத ஈரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். நூறிலிருந்து ஈர சதவீதத்தைக் கழித்து, மீதியை 80-ஆல் வகுத்து, வந்ததைத் தராசு எடையால் பெருக்கினால் விலை தரவேண்டிய எடை கிடைக்கும். 50 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னுக்கு 625 கிலோவின் விலை. 35 சதவீதமானால் 812 கிலோ சொச்சம். 15 சதவீதத்துக்கு உலர்த்தி வந்தவருக்கு ஒரு டன்னுக்கு 1,062 கிலோவின் விலை. தராசு காட்டாத மிகுதியை அவர் பெறுகிறார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பழைய விலையை அப்படியே வைத்துக்கொண்டு இச்சூத்திரத்தை மட்டும் புகுத்தினால் அது விவசாயியை ஏமாற்றுவதாகும். பச்சை விறகுக்கு டன் 4,000 ரூபாய் கொடுத்துவந்த சங்கம், அதே மரத்துக்கு 625 கிலோ என்று எழுதி 2,500 ரூபாய் கொடுத்தால் எவரும் மறுமுறை வண்டி கட்டமாட்டார். உலர் விறகின் அடிப்படை விலை டன்னுக்கு 6,400 ரூபாய் என உயர்ந்தால்தான் அவருக்குப் பழைய வருமானமே நிற்கும். உலர்த்தும் வேலைக்கும் காத்திருக்கும் காலத்துக்கும் அதற்குமேல் சேர்க்க வேண்டும். நெசவாளர் சங்கம் இதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். 4,000 ரூபாய்க்குப் பச்சை விறகு வாங்கினால் 35 கிலோ எரியும் கொப்பரைக்கு 140 ரூபாய். 6,400 ரூபாய்க்கு உலர்ந்த விறகு வாங்கி, திருத்திய அடுப்பில் 8 கிலோ எரித்தால் 51 ரூபாய் சொச்சம். டன்னுக்கு 7,000 கொடுத்தாலும் 56 ரூபாய்தான்.

காத்திருப்பதுதான் விவசாயியின் உண்மையான சங்கடம். வெட்டு முடிந்த அன்று கூலி கொடுக்க வேண்டும். கடன் தவணையும் நிற்கும். நெல்லையும் நிலக்கடலையையும் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெறுவது நம் விற்பனைச் சங்கங்களில் பழகிய முறை. அடுக்கி வைத்த விறகின் மேலும் அத்தகைய முன்பணம் ஒன்றைச் சங்கமே தந்தால், இரண்டு மூன்று மாதம் பொறுப்பது இயலும். ஜனவரிக்குப் பின் வெட்டி, கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல் குறுக்குக் கட்டைமேல் காற்றோட்டமாக அடுக்கினால் கோடைக்குள் காய்ந்துவிடும். பிளக்காத உருட்டுக்கட்டை அதனினும் நெடுநாள் எடுக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பட்டறையின் கொட்டகைக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

ஈரம் பார்ப்பது எப்படி என்பதையும் கூறி முடிக்கிறோம். இரண்டு முள் குத்திப் பார்க்கும் கைக்கருவி கடைகளில் கிடைக்கிறது. அதனைக் கட்டையின் மேற்பட்டையில் குத்தினால் குறைவாகவே காட்டும். அப்போதே பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும். 30 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தில் அதன் கணக்கை நம்புவதற்கில்லை. பச்சை விறகுக்கு நம்பகமான முறை பழைய முறையே. வந்த சுமையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் கட்டை எடுத்து, ஒவ்வொன்றின் நடுப்பாகத்திலும் சீவல் சீவி, மொத்தம் ஒரு கிலோ சரியாக நிறுத்துக்கொள்ள வேண்டும். சுமார் 105 டிகிரிச் சூட்டில், கருகாமல், எடை மேலும் குறையாது நிற்கும் வரை உலர்த்த வேண்டும். மீண்டும் நிறுக்கையில் 560 கிராம் இருந்தால் ஈரம் 44 சதவீதம். விற்பவர், வாங்குபவர், சங்கச் செயலாளர் ஆகிய மூவர் முன்னிலையில் இதைச் செய்து, பேரேட்டில் புதிதாக ஒரு கட்டம் கிழித்து, அந்த எண்ணை எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும்.